பௌதிகவியல் டீச்சர் இல்லாத வருடம்

நான் சாதாரணதரப் பரீட்சையில் சித்தியடைந்த வருடம்தான் எங்கள் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு தொடங்கினார்கள். பசறையிலிருந்து நமுனுகுலப் பக்கம் ஏறும் பஸ்ஸில் வர வேண்டிய பாடசாலை அது. அதற்கு முன் எங்கள் தேயிலைத் தோட்டப் பிள்ளைகள் தமிழில் விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் பதுளைக்குத்தான் போக வேண்டும். அங்கே விடுதி கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் பெண்பிள்ளையை அனுப்ப வீட்டில் தயங்குவார்கள். அதனால் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் கெட்டிக்காரர்களாக இருந்தவர்கள்கூடக் கலைப் பிரிவில் போய் உட்கார்ந்தார்கள்.

அந்தப் பிரிவின் முதல் வகுப்பில் நாங்கள் நான்கு பேர். வேறு தோட்டத்துப் பையன்கள் இருவர், நான், என் தோழி. தோட்டத்து வரிசை வீடுகளில் எங்கள் லயத்துக்குக் கீழ் லயம் அவளுடையது. அப்பா அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா கொழுந்து பறித்து அவளையும் இரண்டு தம்பிமாரையும் வளர்த்தார். எங்கள் லயத்துக்கு மேலே மண்சரிவு அபாயம் என்று சொல்லி ஒரு கருவியைப் பொருத்தியிருந்தார்கள். நாங்கள் எல்லாரும் அதைப் பயத்தோடு பார்ப்போம். அவள் மட்டும் கிட்டே போய்க் குனிந்து பார்ப்பாள். "மல நகர்றத இது எப்படிடி கண்டுபிடிக்குது?" என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் படிக்கப் போவதாக அப்போதே சொன்னாள்.

பௌதிகவியல் படிப்பிக்க மட்டக்களப்பிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். முதல் நியமனம். பசறையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஆய்வுகூடம் என்று பெயர்ப்பலகை மாட்டிய அறையில் மேசைகள் மட்டும்தான் இருந்தன. டீச்சர் நூலில் பூட்டைக் கட்டித் தொங்கவிட்டு ஊசல் செய்து காட்டினார். கொழுந்து நிறுக்கும் தராசைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி, அதிலிருந்தே ஒரு பாடம் முழுவதையும் நடத்தினார். ஒரு வருடத்தில் எங்களுக்கு அந்தப் பாடத்தின் மேலிருந்த பயம் போய்விட்டது.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் அவருக்கு இடமாற்றம் வந்தது. அன்று வகுப்புக்கு வந்தும் அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை.

"எனக்கும் போக மனமில்ல மகள். என்ர பிள்ளைய அம்மாட்ட விட்டுட்டு வந்திருக்கன். அவன் இப்ப அம்மம்மாவத்தான் அம்மா எண்டு கூப்பிடுறான்" என்றார்.

அவர் மேல் எங்களுக்குக் கோபம் வரவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

பாடசாலை அதிபர் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் பல தடவை போய்வந்தார். போகும்போதெல்லாம் "ஆள் அனுப்புவோம்" என்றார்களாம். கடைசியில் எங்கள் நால்வரையும் கூப்பிட்டார்.

"நாலு பேருக்காக ஒரு டீச்சர் குடுக்க மாட்டாங்க பிள்ளைகளே. இப்பவே கலைக்கு மாறிட்டா தப்பிச்சிக்குவீங்க. எனக்கு வேற வழி தெரியல."

பையன்கள் இருவரும் மாறிக்கொண்டார்கள். என் தோழி, "நாங்களே படிச்சிக்கிறோம் சேர்" என்றாள். அவள் எனக்கும் சேர்த்துத்தான் சொன்னாள். அவள் சொன்ன பிறகு என்னால் மாற முடியவில்லை.

எங்கள் வீட்டில் இருந்த ஒரே போன் அண்ணனுடையது. அவன் வேலை முடிந்து வந்ததும் அதை வாங்கிக்கொண்டு கோயிலடிக்குப் போவோம். மாதா கோயில் வாசலில்தான் சிக்னல் நன்றாக இருக்கும். யூடியூபில் தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவர் இயற்பியல் நடத்தினார். பௌதிகவியலைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ளவே எங்களுக்குச் சில நாள் ஆயிற்று. ஆனால் அவர் அழகாகச் சொல்லிக்கொடுத்தார். தோழி ஒவ்வொரு வீடியோவையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதிக்கொண்டாள். எனக்குப் புரியாததை அவளே எனக்கு விளக்கினாள்.

தவணைப் பரீட்சையில் அவள் என்னைவிட நன்றாகச் செய்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். விடைத்தாள்கள் வேறு பாடசாலையில் திருத்தப்பட்டு வந்தபோது அவளுடைய இயக்கவியல் பகுதி முழுக்கச் சிவப்புக் கோடுகள். கேட்டது கதி. அவள் வேகம் என்று எழுதியிருந்தாள். வேகம் கேட்ட இடங்களில் திசையையே குறிக்கவில்லை. ஆர்முடுகல் என்ற சொல் வந்த கேள்வியை அப்படியே விட்டிருந்தாள்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது விடைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு, "அவங்களும் தமிழ்லதானடி சொன்னாங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன்.

அன்று மாலையே மட்டக்களப்பு டீச்சருக்குப் போன் எடுத்தோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் பொறுமையாகச் சொன்னார்.

"அது அவங்கட புத்தகத்தில வாற சொல் மகள். அவங்க வேகம் எண்டு சொல்றது எங்கட கதி. எங்களுக்கு வேகம் எண்டா திசையும் சேர்ந்து வரும். அவங்கட முடுக்கம்தான் எங்கட ஆர்முடுகல். பாடத்த நீ விளங்கித்தான் இருக்கிறாய். வீடியோ பாத்துப் பாத்து, முந்திப் படிச்ச சொல்லுத்தான் மாறிப்போச்சு."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்து சனங்கள் கலைந்ததும், அவர் போனிலேயே பாடம் சொல்லித் தந்தார். இடையில் அவருடைய பிள்ளை அழும். "கொஞ்சம் இருங்க" என்று போய்விட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். மழை நாளில் சிக்னல் போய்விடும். அப்படியும் பாதிக்கு மேல் முடித்துவிட்டோம்.

பரீட்சைக்குச் சில மாதங்கள் இருந்தபோது கொழுந்து மலையில் குளவிக்கூடு கலைந்தது. பலரைக் கொட்டியது. தோழியின் அம்மாவுக்குத்தான் கடுமை. பதுளை ஆஸ்பத்திரியில் பல நாட்கள் இருந்தார். உயிர் தப்பியது. ஆனால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது, மலை ஏறி வேலை செய்யக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பினார்கள்.

சொந்தக்காரர் ஒருவர் கொழும்பில் துணிக்கடை ஒன்றில் வேலை இருப்பதாகச் சொன்னார். அவள் போகப் போவதாக அவளுடைய அம்மாதான் என்னிடம் சொன்னார். "பரீட்ச எழுதிட்டுப் போகட்டும்னுதான் நெனச்சேன். அதுவரைக்கும் அந்த வேல இருக்காதாம்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலில் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளை பஸ் ஏற்றிவிட நானும் போனேன். பரீட்சைக்கு மட்டும் லீவு கேட்டு வந்துவிடுவேன் என்றாள். நானும் நம்பினேன்.

அவளால் வர முடியவில்லை. பண்டிகைக் காலம், கடையில் லீவு கொடுக்கவில்லை. பரீட்சை மண்டபத்தில் அவளுடைய பரீட்சைச் சுட்டெண் ஒட்டிய மேசை எனக்குப் பின்னால் இருந்தது. பௌதிகவியல் அன்று மேற்பார்வையாளர் அந்த மேசையில் வினாத்தாளை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் மத்தியானம், பரீட்சை நாட்களில் அண்ணன் என்னிடம் விட்டுப் போன போனுக்கு அவளே எடுத்தாள். கடையில் சாப்பாட்டு நேரம்.

"என்னென்ன கேள்வி வந்துச்சு? வாசி."

"இப்ப எதுக்குடி?"

"வாசின்னா வாசி."

வாசித்தேன். மேல்நோக்கி எறிந்த கல் உச்சியில் நிற்கும் கணத்தில் அதன் வேகமும் ஆர்முடுகலும் என்ன என்று ஒரு கேள்வி. இரண்டுக்கும் பூச்சியம் என்று நான் எழுதியிருந்தேன்.

"வேகம் பூச்சியம். ஆர்முடுகல் பூச்சியமில்லடி. கல்லு நின்னாலும் பூமி இழுக்குறத நிறுத்தாதே" என்றாள். அடுத்த கேள்விக்கு மனதுக்குள்ளேயே கணக்குப் போட்டு விடை சொன்னாள். மூன்றாவதை நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது யாரோ அவளைச் சிங்களத்தில் கூப்பிடுவது கேட்டது. "இரு, வாறேன்" என்று வைத்தாள். அன்று திரும்ப எடுக்கவில்லை.

எனக்குப் பௌதிகவியலில் சாதாரண சித்திதான். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குப் போதவில்லை. கல்வியியற் கல்லூரிக்குப் போய் விஞ்ஞான ஆசிரியையாகி, இப்போது பூனாகலைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். எங்களுக்குப் பிறகு பழைய பாடசாலையின் விஞ்ஞானப் பிரிவில் யாரும் சேரவில்லை. அதை மூடிவிட்டார்கள்.

தோழி இன்னும் அதே துணிக்கடையில்தான் இருக்கிறாள். தம்பிமார் இருவரையும் படிக்க வைத்துவிட்டாள். போன டிசம்பரில் நத்தாருக்கு வந்திருந்தபோது, தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பித்து எழுதலாமே என்று கேட்டேன். டீச்சரும் அதையே கேட்கச் சொல்லியிருந்தார்.

அவள் அம்மாவின் மருந்துகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுதலாம்" என்றாள். "அப்பல்லாம் அந்த மண்சரிவு மெசினப் பாத்து, என்ன படிக்கணும்னு எனக்குத் தெரிஞ்சிச்சு. இப்ப அது தெரியல. அத யார்கிட்ட போய்க் கேக்குறது?"

மறுநாள் அவளுடைய அம்மாவுக்குப் பதுளையில் கிளினிக். முதல் பஸ்ஸில் மூவரும் போனோம். வரிசை நீளமாக இருந்தது. அம்மாவை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மத்தியானம் வரை அவள் வரிசையில் நின்றுகொண்டே இருந்தாள்.