மழைக்கு முந்திய பாதாம்

தென்மேற்கு ஜெர்மனியில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பேருந்து நிறுத்தம். செப்டம்பர் மாதம். எதிரே, சாலையோரப் பாதாம் மரத்தடியில் வலை விரித்து, நீண்ட கழியால் கிளைகளைத் தட்டுகிறார் ஒரு பெண். தோல் வெடித்த காய்கள் சடசடவென உதிர்கின்றன. அவர் முணுமுணுக்கும் பாட்டு தமிழ்!

"அக்கா, தமிழா?"

"ஓம், யாழ்ப்பாணம். கதை பிறகு. வந்து வலையைப் பிடியுங்கோ, மழை வருது. நனைஞ்சால் பூஞ்சணம் பிடிச்சிடும்."

என் பேருந்து வருகிறது, போகிறது. நான் வலையோடு நிற்கிறேன்.

அவர் பெயர் வதனி, முதியோர் இல்லத்தில் தாதி. ஊர்ச்சபை இந்த மரத்தை அவர் பொறுப்பில் விட்டிருக்கிறது. வறண்ட தேசங்களில் பாதாம் தோப்புகள் நிலத்தடி நீரை உறிஞ்சுவதைப் படித்து, நான் பாதாம் சாப்பிடுவதையே விட்டுவிட்டதைச் சொல்கிறேன்.

"இதுக்கு நான் ஒரு வாளி தண்ணியும் ஊத்தேல்லை. மழைதான். ஆனால் பூக்கேக்க உறைபனி விழுந்தால் எல்லாம் போச்சு. மரம் என்ர பொறுப்புக்கு வந்து ரெண்டு வருசமா ஒண்டுமில்லை, இதுதான் முதல் காய்ப்பு. இது கசப்பு மரமோ, இனிப்பு மரமோ எண்டுகூடத் தெரியாது. கசப்பெண்டால் நஞ்சு, தின்ன ஏலாது."

தூறல் விழ, வலையைச் சுருட்டிக்கொண்டு நிறுத்தத்தின் கூரைக்கு ஓடுகிறோம். அவர் கல்லால் ஒரு காயை உடைத்து, பருப்பின் நுனியை மட்டும் கடிக்கிறார். நான் அவர் முகத்தையே பார்க்கிறேன்.

"இனிப்பு!"

அவர் போட்ட கூச்சலில், அப்போதுதான் வந்து நின்ற பேருந்தின் ஓட்டுநர் பதறிப்போய் இறங்கி வருகிறார். வதனி சிரித்துக்கொண்டே ஓட்டுநரின் இரு கைகளையும் பாதாமால் நிரப்புகிறார்.