கல்லிலிருந்து கிளம்பிய காற்று

எங்கள் வீட்டுப் பின்னால் இருபதடிக் குழி ஒன்று உண்டு. சுரங்கம் ஓடிய நாட்களில் பாறையை உடைத்துத் தோண்டியது. அடியில் மழைத்தண்ணீர் தேங்கும். பக்கவாட்டில் ஒரு பிளவு பழைய சுரங்க வழிக்குள் போகும். போன வருஷம் குழித்தண்ணீரில் இறக்கியிருந்த மோட்டார் நின்றுபோனது. சாம்பியன் ரீப்ஸ் என்கிற எங்கள் தங்கச் சுரங்க ஊரில் தண்ணீருக்குப் படும் பாடு தெரிந்தவர்களுக்கு அந்தக் குழியின் அருமை புரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார். அடிவரை அணையாமல் எரிந்தது. இறங்கி மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வந்தார். மத்தியானம், சரிசெய்த மோட்டாரோடு திரும்ப இறங்கும்போது வானம் கறுத்துப் புழுங்கியது. மறுபடி மெழுகுவர்த்தியை இறக்கச் சொன்னேன். காலையில்தான் பார்த்தாயிற்றே என்றார்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவள். வருஷா வருஷம் சுண்ணாம்புக் கல்லில் அமிலம் ஊற்றி, பொங்கிவரும் வாயுவில் தீக்குச்சியை அணைத்துக் காட்டுவேன். எங்கள் பாறை அதையே யாரும் கேட்காமல் செய்கிறது. அதிலுள்ள கந்தகம் காற்றும் தண்ணீரும் பட்டு அமிலமாகும். அந்த அமிலம் பாறையில் ஓடும் வெள்ளைச் சுண்ணாம்பு நரம்புகளை அரிக்கும். கரியமில வாயு கிளம்பும். பூமியைச் சூடாக்குகிறது என்று உலகமே ஏசுகிற அதே வாயுதான். அதற்குப் புகைக்கூண்டு வேண்டாம், கல் இற்றுப்போனாலே போதும். வாசனை கிடையாது. கனம் அதிகம், பள்ளத்தில் படியும். மழைக்கு முன் காற்றழுத்தம் இறங்கினால் பழைய சுரங்கத்தில் அடைந்திருப்பதெல்லாம் பிளவு வழியாகக் குழிக்குள் வரும்.

இடுப்பில் கயிறாவது கட்டுங்கள் என்று சண்டை போட்டேன்.

"எங்க தாத்தா மைல் கணக்குல கீழ போனவரு. இருபதடிக்கு இன்னா கயிறு?"

இந்த ஊர் ஆம்பிளைகளின் வியாதி இது. கொஞ்ச ஆழம் என்றால் அவர்களுக்குச் சிரிப்புதான். ஏணியை எடுத்துவிடுவேன் என்று மிரட்டிய பிறகே கட்டிக்கொண்டார்.

கீழே போய் இரண்டு வார்த்தை பேசினார். மூன்றாவது குழறியது. பிறகு நான் எவ்வளவு கூப்பிட்டும் பதில் இல்லை.

பக்கத்தில் நின்ற கொழுந்தன் ஏணியில் காலை வைத்துவிட்டான். கீழே விழுந்தவனை விட்டுவிட்டு மேலே நிற்பது இங்கே பரம்பரைக்கே இழுக்கு. அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன்.

"விடுங்க அண்ணி, அண்ணன் சாவுறாரு."

"நீ எறங்குனா ரெண்டு பொணம். கயித்தப் புடிடா."

என்னைத் தள்ளினான். ஏணியை மறித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் கயிற்றைப் பிடித்தான். இரண்டு பேரும் அழுதுகொண்டே இழுத்தோம். மேலே வந்தபோது அவர் உதடு நீலம் பாரித்திருந்தது, மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். மூன்று நாள் கழித்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்றைக்கு அண்ணனும் தம்பியும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். "கண்ணு இருட்டினப்போ தம்பி எறங்கி வருவான்னுதான் பாத்துனு இருந்தேன்" என்றார் அவர். கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வரத்தான் பாத்தான். நான்தான் விடல" என்றேன். "நீங்க கயிறு இல்லாம எறங்கியிருந்தாலும் அவன விட்டிருக்க மாட்டேன்."

அவர் வெறும் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, தம்பிக்கு இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.