திவால் நிபுணர் விஜயராகவன்

மயிலாப்பூரில் வக்கீல் விஜயராகவனைத் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவருக்கு அதுதான் பெருங்குறை. வாடகைத் தகராறும் செக் பவுன்ஸுமாக நடத்தித் தலை நரைத்துப்போன மனிதர். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, பேருக்குத்தான் பஞ்சம். அவரிடம் கட்டுத் தூக்கிக்கொண்டு திரிந்த ஜூனியர் ஒருவன் திவால் சட்டத்துக்குள் நுழைந்து, கொஞ்ச நாளிலேயே அடையாறில் வீடு வாங்கிவிட்டான். கிரகப்பிரவேசத்துக்குப் போன விஜயராகவனுக்குப் பால் பாயசம் தொண்டையில் இறங்கவில்லை.

மறுவாரமே தி.நகரில் ஒரு ஹோட்டலின் ஏசி ஹாலில் நடந்த பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். படித்து முடித்தால் 'திவால் சட்டச் சிறப்பு வல்லுநர்' என்று சான்றிதழ் தருவார்களாம். தருவதற்கு இவர்கள் யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பணி ஓய்வு பெற்று வீட்டில் பொழுது போகாத நாலைந்து கோட்டுக்காரர்கள் ஒன்றுகூடி, சனி ஞாயிறுகளில் வல்லுநர்களை உற்பத்தி செய்துகொண்டிருந்தார்கள். திரையில் எழுத்து தெரியும், பேசுகிறவர் அதை அப்படியே வாசிப்பார். மத்தியானம் விருந்து. அதற்குப் பிறகு வல்லுநர்கள் வரிசையாகக் கண்ணயர்வார்கள். பரீட்சையில் தப்பான விடையைத் தொட்டால், "இன்னொரு முறை யோசிக்கலாமே" என்று கம்ப்யூட்டரே கெஞ்சும்.

விஜயராகவனிடம் அது கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. மனிதர் உண்மையாகவே விழுந்து விழுந்து படித்திருந்தார். திவாலான கம்பெனி பாக்கி வைத்திருந்தால், வர வேண்டிய பணத்துக்கான கிளெய்மை எங்கே கொடுப்பது என்று ஒரு கேள்வி. திவால் வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் அல்ல, அந்தக் கம்பெனியைப் பொறுப்பேற்று நடத்த நியமிக்கப்பட்ட ஆர்.பி. என்கிற அதிகாரியிடம் என்று யோசிக்காமல் தொட்டார். வகுப்பிலேயே முதல் மார்க். சால்வை போர்த்தினார்கள், பதக்கம் மாட்டினார்கள்.

"ஏன்னா, ஆத்துல இதை மாட்ட எடமேது? நம்ம கல்யாண ஃபோட்டோவைக் கழட்டிட்டு அங்க மாட்டிக்கோங்கோ" என்றாள் மனைவி சுந்தரவல்லி. அவர் அதைக் கொஞ்ச நேரம் பரிசீலித்தார் என்பதுதான் கொடுமை. கடைசியில் சான்றிதழ் ஆபீஸுக்குப் போயிற்று. வக்கீல் தன் பெயர்ப்பலகையில் இன்ன துறையில் நிபுணர் என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று தொழிலில் விதி இருக்கிறது. ஆகவே அவர் பலகையைத் தொடவில்லை. சான்றிதழைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, கதவைத் திறந்து வைத்தால் மாடிப்படியில் வருகிறவர் கண்ணில் படும்படி மாட்டினார். கதவு அதற்குப் பிறகு மூடப்படவே இல்லை. ஏசி மின்சாரத்தைத் தின்றது.

அந்தப் படியேறித்தான் கனகராஜ் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பனகல் பார்க் பின்னால் ஜவுளிக்கடை. பெரிய துணிக்கடைக் கம்பெனி ஒன்றுக்கு நைட்டியும் பாவாடையும் கடனுக்கு அனுப்பியிருந்தார். கம்பெனி திவாலாகிவிட்டது. பாக்கி உள்ளவர்கள் இந்தத் தேதிக்குள் கிளெய்ம் கொடுக்கவும் என்று பேப்பரில் அறிவிப்பு வந்திருந்தது.

"இந்தத் துட்டு வந்தாத்தான் கடை நிக்கும் வக்கீலய்யா. இல்லைன்னா பூட்டிட்டுப் போவ வேண்டியதுதான்" என்றார். பிறகு சுவரைப் பார்த்தார். "இதுக்குன்னே படிச்சிருக்கிய. ஒங்கள நம்பித்தான் வந்திருக்கேன்."

விஜயராகவன் உள்ளுக்குள் குளிர்ந்துபோனார். முதல் திவால் கட்சிக்காரர்!

செய்ய வேண்டியது ஒரு படிவத்தை நிரப்பி, பில்களை இணைத்து ஆர்.பி.க்கு மின்னஞ்சல் அனுப்புவது. ஆனால் படிவத்தை அனுப்பிவிட்டு ஃபீஸ் கேட்க ஒரு வக்கீலுக்கு வாய் வருமா? நம்மவர் டைப்பிஸ்ட்டைக் கூப்பிட்டு, கண்ணை மூடி, "மேன்மைமிகு தீர்ப்பாயத்தின் முன்பு" என்று ஆரம்பித்துவிட்டார். பரீட்சையில் சரியாகத் தொட்ட விரல் ஒன்று, தொழில் பழகிய கை வேறொன்று. மனு, பிரமாணப் பத்திரம், வக்காலத்து, பக்க எண், பைண்டிங் எல்லாம் அமர்க்களமாகத் தயாராயின. குமாஸ்தா முருகன் கட்டைச் சுமந்துபோய்த் தீர்ப்பாயத்தில் போட்டுவிட்டு வந்தார்.

கட்டு திரும்பி வந்தது. மனு திரும்பி வருவது சென்னை வக்கீலுக்குக் காலைக் காபி மாதிரி. கோபமும் வராது, யோசனையும் வராது. குறை சொன்ன இடத்தில் ஒரு கோடு கிழித்து மறுபடி போடுவார்கள், மறுபடி வரும். இந்த ஆட்டத்திலேயே தலைமுறைகள் ஓடியிருக்கின்றன. விஜயராகவனும் முதல் குறையை மட்டும் படித்து, பக்க எண்ணைத் திருத்தி அனுப்பினார். திரும்பியது. கையெழுத்தைச் சரிசெய்து அனுப்பினார். கனகராஜ் போன் செய்தபோதெல்லாம், "ஃபைல் பண்ணியாச்சு அண்ணாச்சி, நிம்மதியா இருங்கோ" என்றார். பேப்பரில் போட்டிருந்த தேதி போயிற்று. தாமதமாக வருகிறவர்களுக்கு விட்டிருந்த சலுகைத் தேதியும் போயிற்று.

ஒரு நாள் முருகன் கட்டை மேஜைமேல் பொத்தென்று போட்டார். "கவுண்டர்ல சிரிக்கிறாங்க சார். இத்த இன்னாத்துக்கு இங்க கொண்டாந்துக்கினு கீறே, ஆர்.பி.கைல குடுன்றாங்க."

தனக்குத் தெரிந்த விடை அது என்பதுதான் விஜயராகவனைச் சுட்டது. அன்றே ஆர்.பி.க்குப் படிவத்தை அனுப்பினார். காலம் கடந்துவிட்டது, கம்பெனியை வாங்குகிறவரின் திட்டத்துக்குக் கடன் கொடுத்த வங்கிகள் ஒப்புதலும் கொடுத்துவிட்டன, இனி ஏற்க முடியாது என்று பதில் வந்தது. வழக்கு போட்டுப் பார்த்தார். தீர்ப்பாயமும் அதையே சொன்னது.

"புது சட்டம் அண்ணாச்சி, ரொம்பக் கறார். தேதி தாண்டினா ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் விஜயராகவன், ஏதோ மழை வெள்ளத்தைப் பற்றிச் சொல்கிறவர் போல.

"பேப்பர்ல பாத்த மறுநாளே ஓடியாந்தேனே ஐயா. தேதிய யாரு தாண்டுனா?" என்று கேட்டார் கனகராஜ். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் விஜயராகவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பில்களை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். தீபாவளிக்கு முன்பே கடை பூட்டப்பட்டது. அந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். விஜயராகவன் பனகல் பார்க் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார். வெட்கம் அவ்வளவு தூரத்துக்குத்தான் வந்தது.

பயிற்சியில் அடுத்து சேர்ந்தவர்களுக்கு வகுப்பெடுக்க, முதல் மார்க் வாங்கியவர் என்ற முறையில் கோட்டுக்காரர்கள் அவரையே அழைத்தார்கள். தலைப்பு, கிளெய்ம் தாக்கல் செய்யும் முறை. அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது, புதுக் கோட்டு தைக்கக் கொடுக்கும்வரை.

மத்தியான விருந்துக்குப் பிந்தைய வகுப்பு. கண்கள் சொருகுவதைப் பார்த்து, கூட்டத்தை எழுப்ப ஒரு கதை சொன்னார். ஒரு வக்கீல், ஒரு ஜவுளிக்கடைக்காரர், ஆர்.பி.யிடம் போக வேண்டிய கிளெய்மைத் தீர்ப்பாயத்தில் போட்டுவிட்டுப் பக்க எண்ணைத் திருத்திக்கொண்டே இருந்த கூத்து. கவுண்டரில் சிரித்ததையும் நடித்துக் காட்டினார். ஹால் விழித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தது.

முன்வரிசையில் இருந்த சரண்யா என்ற இளம் வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. "சார், அந்த வக்கீல் இந்த கோர்ஸ் படிச்சவரா?"

விஜயராகவன் தண்ணீர் பாட்டிலை எடுத்தார், ஒரு வாய் குடித்தார், மூடியை நிதானமாகத் திருகினார்.

"படிச்சிருந்தா இப்படிப் பண்ணுவாராம்மா?" என்றார்.

எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.