வால்வில் மிச்சமிருந்த ஈயம்

என் மனைவி ஓட்டிய காரை நான் ஓட்ட ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவள் அப்பா வாங்கிய வண்டி. உருண்டை விளக்கு, இரும்பு பம்பர், கதவைச் சாத்தினால் தெருவுக்கே கேட்கும். காளவாசல் வீட்டிலிருந்து திருமங்கலத்துப் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் பாடம் நடத்தப் போய்வந்தாள். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அவள் போன கொஞ்ச நாளில், பெட்ரோல் பங்கில் ஈயம் கலந்த பெட்ரோலும் நின்றுபோனது.

கோரிப்பாளையத்தில் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் பாய் அப்போது ஒரு விஷயம் சொன்னார். பழைய எஞ்சினுக்கு அந்த ஈயம்தான் மெத்தையாம். வால்வு ஒவ்வொரு முறை இறங்கி உட்காரும்போதும் இரும்பு தேயாமல் காக்குமாம். இனி அது கிடைக்காது. ஆனால் இதுவரை படிந்த ஈயம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், விரட்டாமல் ஓட்டினால் கொஞ்ச காலம் தாங்கும் என்றார்.

அவர் எஞ்சினைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. அந்த ஈயம் முழுக்க அவள் ஓட்டிப் படிந்தது. என் பங்கு அதில் துளிகூட இல்லை. அன்றிலிருந்து நான் நாற்பதைத் தாண்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருமங்கலத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போவேன். நாற்பதில் போனால் ரோடு ரோடாகவே இருக்காது. திருப்பரங்குன்றத்து மலை ஜன்னலோரம் ரொம்ப நேரம் கூடவே வரும். வயலில் பனி தரையோடு படுத்திருக்கும். கொக்குகள் என்னைவிட அவசரமாகப் பறக்கும். ஆரன் அடித்துக் கடக்கும் லாரிகள்கூட எங்கோ பக்கத்து ஊரில் போவதாகத் தோன்றும். அவள் ஓட்டுகிறாள், நான் சும்மா உட்கார்ந்து வருகிறேன் என்று ஒரு மயக்கம் மெல்ல வந்து கவியும். அதற்காகவேதான் போனேனோ என்னவோ.

மகள் கேலி செய்வாள். அப்பா கிளம்பிவிட்டேன் என்று போன் பண்ணிய பிறகு உளுந்து ஊறப்போட்டு, ஆட்டி, வடையும் சுட்டுவிடலாம் என்பாள். ஈயம் விஷம், பிள்ளைகள் மூச்சில் போகக்கூடாது என்றுதான் பெட்ரோலிலிருந்து எடுத்தார்கள். ரொம்பச் சரி. அந்த விஷத்தைத்தான் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

போன வருஷம் வண்டி திணற ஆரம்பித்தது. பாலம் ஏறினால் மூச்சு வாங்கியது. இப்போது பெட்ரோலில் கலக்கிற எத்தனால் ரப்பர் குழாய்களை அரித்திருந்தது. அவற்றைப் பாய் மாற்றிவிட்டார். வால்வுக்கு மட்டும் ஒரே வழிதான் என்றார். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி, தேய்ந்த இடத்தைக் கடைந்தெடுத்துவிட்டு, உறுதியான புது வளையம் அடிக்கவேண்டும். கடைந்தால் அவள் ஈயமும் போய்விடுமே என்று ஆறு மாதம் சாக்குப்போக்குச் சொல்லி இழுத்தடித்தேன். கடைசியில் ஒரு ஞாயிறு, திருநகர் தாண்டி வண்டி நின்றேவிட்டது. கயிறு கட்டித்தான் பட்டறைக்கு இழுத்துப்போனோம்.

ஹெட்டைத் திறந்த அன்று பாய் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வால்வு இரும்பைக் குழித்து உள்ளே இறங்கியிருந்தது. சுற்றிலும் கரி. ஈயம் எங்கே என்று கேட்டேன். பாய் சிரிக்காமல் என்னைப் பார்த்தார்.

"அது போயி எம்புட்டோ வருஷமாச்சுண்ணே. கொஞ்ச காலத்துக்குத்தான சொன்னேன்? அதுக்காகவா இம்புட்டு நாளா மெதுவா ஓட்டுனீங்க?"

கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டேன். கையில் எண்ணெய் பட்டிருக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவளை இரண்டாவது தடவை பறிகொடுத்த மாதிரி இருந்தது.

வேலை முடித்து வண்டியைத் தரும்போது, இனிமேல் உருட்டவேண்டாம், தாராளமாக மிதிக்கலாம் என்றார் பாய். அடுத்த ஞாயிறு பழங்காநத்தம் தாண்டியதும் மிதித்தேன். ஐம்பது. அறுபது. எழுபதைத் தொட்டதும் டாஷ்போர்டு மூடி கடகடவென்று ஆடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தை நான் அடியோடு மறந்திருந்தேன். எழுபதில் மட்டும் வரும் சத்தம். அவள் ஓட்டினால் வழி நெடுகக் கேட்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைத் தரையில் மிதித்து மிதித்து, மெதுவாகப் போ என்று கெஞ்சிக்கொண்டு வருவேன்.

"பேசாம வாங்க. வண்டி கேக்குது, நான் குடுக்குறேன்" என்பாள்.

அவள் ஒருநாளும் நாற்பதில் ஓட்டியதில்லை. இத்தனை வருஷத்தில் நான்தான் அவளையும் என் நினைப்பில் நாற்பதுக்கு இறக்கியிருந்தேன். ஜன்னலில் மலை சட்டென்று பின்னால் போனது. மூடி ஆடிக்கொண்டே இருந்தது. நான் காலை எடுக்கவில்லை.

மகள் வீட்டு வாசலில் நிறுத்தியபோது அவள் கை நிறைய உளுந்து மாவோடு ஓடிவந்தாள். இன்னும் ஆட்டி முடிக்கவில்லை. பதறிப்போய், குனிந்து முன் சீட்டைப் பார்த்தாள்.

"யாருப்பா ஓட்டிட்டு வந்தது?"

நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.