மைக்ரான் சார் பிடித்த வெளிச்சம்

“யாரும் மூச்சு விடாதீங்க!” என்று அதட்டிவிட்டுத்தான் மைக்ரான் சார் நுண்ணோக்கியில் கண்ணை வைப்பார். அதற்கப்புறம் அறையில் ஒருவரும் தும்மக் கூடாது, நாற்காலியை நகர்த்தக் கூடாது. அவர் மட்டும் வாய் ஓயாமல் பேசுவார்.

சிப் சோதனைக்கூடத்தின் தலைவர் அவர். எதையும் மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் சொல்லிச் சொல்லி, பெயரே மைக்ரான் சார் என்றாகிவிட்டது. டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தால்கூட, “ரெண்டு மைக்ரான் ஜாஸ்தி” என்பார். வீட்டில் அவர் மாட்டிய கடிகாரமோ மூன்று வருடமாகச் சாய்ந்தே தொங்குகிறது. “ஒரு ஆணி நேரா அடிக்கத் தெரியல, மைக்ரானாம் மைக்ரான்!” என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வார்.

விரல்நகத்தில் பாதி இருக்கும் அந்தச் சிப்பில் மின்சாரமும் ஒளியும் ஒன்றாகக் குடித்தனம் நடத்த வேண்டும். மின்சாரம் கொடுத்தால் ஒரு மூலையில் ஒளி பிறந்து, தலைமுடியைவிட மெல்லிய பாதையில் ஓடி, மறுமூலையில் ஒளியை அளக்கும் உணரியில் விழ வேண்டும். ஐந்து வருடமாகப் பிறந்தபாடில்லை. இன்று பதினொரு மணிக்கு மேலிடத்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள். ஒளி ஓடாவிட்டால் கூடத்தை இழுத்து மூடிவிடுவார்கள்.

பத்தரைக்கு, உணரியோடு இணைத்திருந்த மீட்டரில் எண் ஏறியது. அடேயப்பா, மனிதருக்குத் தலைகால் புரியவில்லை! உடனே மேலிடத்துக்குப் போன் போட்டார். “தனி ஆளா நின்னு முடிச்சிட்டேன் சார்!” சிப்புக்கு ஒயர் ஒட்டிய டெக்னீஷியன் பெண் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அவர் போனை வைத்ததும் அவள் சொன்னாள்: “சார், நான் இன்னும் சிப்புக்குக் கரண்டே குடுக்கலையே.”

“அப்புறம் எப்படிம்மா நம்பர் வருது?”

அவள் நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தாள். எண் பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. போட்டாள், எழுந்தது. சிப்பைப் பார்க்க அவரே போட்ட விளக்கு வெளிச்சம்தான் நேராக உணரியில் விழுந்திருக்கிறது! விளக்கை மறுபடி அணைத்து, மின்சாரம் கொடுத்தும் பார்த்தாள். பூஜ்யமேதான்.

மைக்ரான் சாரின் முகம் சுண்டிப்போயிற்று.

“உள்ளதைச் சொல்லி ஒரு மாசம் டைம் கேட்டுடலாம் சார். பின்னாடி தெரிஞ்சா எல்லாருக்கும் வேலை போயிடும்” என்றாள் அவள்.

கதவு தட்டப்பட்டது.

“வாங்க சார், வாங்க!” என்று குழைந்தபடியே அவர் விளக்கைப் போட்டு, அதைச் சிப்பின் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்து வைத்தார்.