பேட்டரிக்கு வைத்த பொட்டு

நேற்று ஆயுத பூஜை. என் மனைவி காரின் பேட்டரிக்கும் குங்குமப் பொட்டு வைத்தாள்.

இன்று வண்டி கிளம்பவில்லை. பேட்டரியைக் கழற்றிக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வந்து நானே மாட்டினேன்.

காரைக்கால் உப்புக்காற்றில் பிளஸ், மைனஸ் குறியெல்லாம் எப்போதோ போய்விட்டது. ஒரு முனையருகே சிவப்பு தெரிந்தது. சிவப்பு ஒயரை அதில் மாட்டினேன்.

படீரென்று தீப்பொறி. கருகல் வாடை.

கோவில்பத்திலிருந்து எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். "மாத்தி மாட்டிட்டீங்க சார். நல்லவேளை, மெயின் ஃபியூஸ் மட்டும்தான் போயிருக்கு. டைனமோ தப்பிச்சிடுச்சு."

"எல்லாம் நீ வச்ச பொட்டால வந்தது" என்றேன் மனைவியிடம்.

"அந்தப் பொட்டு இருந்ததாலதாங்க ஃபியூஸோட போச்சு."

எலக்ட்ரீஷியன் தலையாட்டினார். அவருடைய டூல்ஸ் பெட்டியிலும் பொட்டு.

என் பக்கம் பேச இங்கே யாராவது இருக்கிறீர்களா?