லொரேன் அக்காவின் தலையில் நாங்கள் ஒட்டிய இறகுகள்

லொரேன் அக்கா போய்விட்டார். நித்திரையிலேயே... ஹார்ட் அட்டாக்.

டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் கிச்சனில் எங்களோடு வேலை செய்தவர். ஒக்லஹோமாவில் பிறந்து, ஒரு கெபெக்காரரைக் கலியாணம் கட்டி மொன்ட்ரியாலுக்கு வந்தவர். அமெரிக்கப் பூர்வகுடி. ஷாவ்னி இனம்.

நேற்று நாங்கள் இங்கே போட்ட கண்ணீர் அஞ்சலி நோட்டீஸை ஷேர் பண்ணியவர்கள் தயவுசெய்து உடனே எடுத்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்... வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

ஆள் செத்தால் நோட்டீஸ் அடிக்காவிட்டால் எங்கள் சனத்துக்கு மனம் ஆறாது. வாழ்நாள் முழுக்கச் சாரத்தோடு திரிந்த மனிசனுக்கும் கம்ப்யூட்டரில் கோட்டு, டை மாட்டித்தான் அடிப்போம். பார்க் எக்ஸ்டென்ஷனில் நோட்டீஸ் அடிக்கிற அண்ணை அதில் விண்ணன்.

"நேட்டிவ் ஆள் எண்டனீர்தானே தம்பி, சும்மா விடேலுமே?" என்று, சினிமாவில் குதிரையில் வருகிறவர்கள் போடும் பெரிய இறகுக் கிரீடத்தை அக்காவின் தலையில் ஒட்டி அனுப்பினார்.

நான் பார்த்தேன். "வடிவாயிருக்கண்ணை, அடியுங்கோ" என்றேன். வேறு யாருமில்லை, நான்தான்.

எனக்குத் தெரியாதா என்ன? டீ பிரேக்கில் ஒருநாள் தன் பூட்டனாரின் படத்தைக் காட்டினாரே... தலையில் துணித் தலைப்பாகை.

"ஐயோ, இது எங்கட ஆள் எல்லோ!" என்று நாங்கள் சத்தம் போட, அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "அந்த இறகுக் கிரீடம் வேற சனத்தின்ர. சினிமாக்காரருக்கு நாங்கள் எல்லாரும் ஒண்டுதான்" என்றார்.

"எங்களையும் இந்தியன் எண்டு நினைச்சு வந்து ஹிந்தி கதைக்கிறாங்கள் அக்கா, விசரன்கள்" என்று கொதித்தவனும் நான்தான்.

இன்னொரு நாள் ஊர்க் கதை வந்தது. தங்கள் சனத்தின் இடம் ஒஹையோ என்றார். அங்கிருந்து வெள்ளைக்காரர் அடித்துக் கலைத்து, கன்சாஸ்... அங்கிருந்தும் கலைத்து, ஒக்லஹோமா. தான் ஒஹையோவைக் கண்ணாலும் கண்டதில்லை என்றார்.

எங்களோடு வேலை செய்கிற மட்டக்களப்புச் செல்வம் பக்கத்தில் இருந்தான். தான் உரித்த தோடம்பழத்தில் பாதியை அக்காவின் கையில் வைத்தான்.

சிரிப்புக் கதைகளும் இருந்தன. வசந்தத்தில், பயிர் செழிக்க ஆடும் ரொட்டி நடனம் என்ற சடங்குக்கு முன்னால் ஆண்களும் பெண்களும் எதிரெதிராகப் பந்து விளையாடுவார்களாம். பெண்கள் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம். ஆண்கள் காலால் மட்டும்தான்.

"அநியாயம் அக்கா!"

"அதாலதான் நாங்கள் வெல்லுறது" என்று சொல்லிவிட்டு ட்ரே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

இன்று காலையில் அக்காவின் மகள் ஃபோன் எடுத்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"அம்மாவில உங்களுக்கு நல்ல விருப்பம் எண்டு தெரியும். நாளைக்கு அம்மாவை ஒக்லஹோமாவுக்குக் கொண்டு போறம். அங்க சொந்தக்காரர் எல்லாரும் உங்கட படத்தைப் பார்த்திட்டினம்... இது ஆர் எண்டு கேக்கினம்."

ஸாரி என்றேன். திரும்பவும் ஸாரி என்றேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்?

பின்னேரம் பார்க் எக்ஸ்டென்ஷனில் கடை கடையாக ஏறி, ஒட்டியிருந்த நோட்டீஸை எல்லாம் கிழித்தேன். ஒரு கடைக்கார ஐயா கையைப் பிடித்து மறித்தார்.

"ஏன் தம்பி கிழிக்கிறீர்? வடிவாத்தானே கிடக்கு."

நேற்று நான் சொன்னதும் இதைத்தானே... கையை இழுத்துக்கொண்டு மிச்சத்தையும் கிழித்தேன்.

போயிட்டு வாங்கோ அக்கா. அங்க உங்கட சனம் எங்களைப் பற்றிக் கேட்டால்... ஒண்டும் சொல்லாதேங்கோ.